சாயப்பட்டறை கொண்டுவந்த குழாய்

திருப்பூர்ல லைன் வீடு பார்க்கப் போறவங்க பக்கத்துல என்ன கடை இருக்குன்னு முதல்ல கேட்கிறதில்லை. "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" இதுதான் கேள்வி. ஆள் குடியேறின தெருவுக்கு மளிகைக்கடையும் புரோட்டாக்கடையும் தானா வந்துரும். அதுக்கு யாரும் மனு கொடுக்க வேண்டாம். தண்ணீர் அப்படி வராது. இந்த ஊருக்கு அது எப்படி வந்தது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

1980களில் பனியன் ஏற்றுமதி பெருக, சாயப்பட்டறைகளும் பெருகின. வெளுக்க, சாயம் ஏற்ற, அலச என எல்லாத்துக்கும் தண்ணீர் வேணும். கழிவு இறங்கி நிலத்தடி நீர் கெட்டது. பட்டறைகள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணற்றுத் தண்ணீரை லாரியில் வாங்கின. வீடுகளில் புழங்க உப்புத்தண்ணி. நல்ல தண்ணிக்குக் குடத்தோடு காத்திருப்பு.

இதற்காக 1995-ல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. தமிழக அரசு, ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் மூன்றும் அதில் சேர்ந்திருந்தன. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவருவது திட்டம். செலவு 1,000 கோடி ரூபாய்க்கு மேல். 2006 வாக்கில் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பட்டறைகளுக்கு. மீதிதான் நகரத்துக்கும் வழியோரக் கிராமங்களுக்கும். பட்டறைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்று வைத்தார்கள். குடிநீருக்கு அதில் ஒரு சிறு பகுதிதான். அதாவது சாயப்பட்டறை கட்டுற காசுல வீட்டுக்குழாய்க்கு விலை குறைஞ்சது. நல்ல ஏற்பாடு மாதிரிதான் தெரியும்.

ஆனா அதே பட்டறைக் கழிவுதான் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையா மாறிப்போச்சு. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று, கழிவை முழுசா நிறுத்தாத சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடின. பிறகு திறந்தவை கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தின. வெளித்தண்ணீர் தேவை குறைந்தது. ஆற்றுக்கு நல்லது. ஆனா 45 ரூபாய் கொடுக்கிற வாடிக்கையாளரை நம்பிக் கடன் வாங்கிய கழகம் திணறியது.

விவசாயிகள் கேட்டது நியாயம். தப்பு குழாயைப் போட்ட கணக்கில் இருக்கு. ஒரு ஊரின் குடிநீர், அந்த ஊரின் ஆற்றைக் கெடுக்கும் தொழில் எவ்வளவு தண்ணீர் வாங்குது என்பதை நம்பி நின்றது.

பட்டறைகளுக்குக் கேட்க ஒரு சங்கம் இருந்தது. லைன் வீட்டில் இருப்பவருக்கு? அவரில் பலருக்கு ஓட்டு தேனியிலோ ஒடிசாவிலோ இருக்கு, வாடகை மட்டும் இங்கே. இத்தனை ஆயிரம் கோடி ஏற்றுமதி செய்த ஊருக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில்தான். பனியன் தைக்கிறவருக்கு என்ன வேணும்னு கேட்டு இந்த ஊரில் எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். புரோட்டாக்கடையைத் தவிர இதுவரை எதுவும் அகப்படலைங்க.