குதிரை, எலி, முயல்: மாற்றுச் சிறுநீரகத்தைக் காத்த கதை

நம் 'பி' பிளாக் நண்பர் ஒருவருக்கு அடுத்த மாதம் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை. "ஆபரேஷனுக்கு முன்னால் போடும் ஊசி எலியிலிருந்து வந்ததாமே, சார்?" என்று நடைப்பயிற்சியில் கேட்டார். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் அறியேன். ஆனால் 2004இல் எங்கள் அக்கா என் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தபோது, அந்த ஊசிக்கான பில்லைக் கட்டியவன் நான்தான். இரண்டே குப்பிகள், என் பல மாதச் சம்பளம். அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று அப்போதே தேட ஆரம்பித்தேன்.

வெள்ளை அணுக்களுக்குக் கிருமியும் ஒன்றுதான், அக்கா கொடுத்த சிறுநீரகமும் ஒன்றுதான். அந்நியம் என்றால் தாக்கும். 1954இல் போஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் உருவொத்த இரட்டையர். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் வெற்றிகரமாகச் செய்தார்கள். அன்று கையில் இருந்தவை முக்கியமாக அசதயோபிரினும் ஸ்டீராய்டும்தான்.

1966இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் குதிரையை நாடினார். மனித வெள்ளை அணுக்களைக் குதிரைக்குச் செலுத்தினால், அவற்றை எதிர்க்கும் புரதங்களை, அதாவது ஆன்டிபாடிகளை, அதன் உடல் உண்டாக்கும். அதன் ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்து நோயாளிக்குப் போட்டார்கள். பாம்புக்கடி மருந்து செய்யும் அதே வழி. (எங்கள் குலசேகரன்பட்டினத்துக்கு வடக்கே காயலில் பாண்டியனுக்காகக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரைக்கு இப்படியும் ஒரு வேலை வரும் என்று அன்று யார் கண்டார்கள்!) ஊசி போட்ட இடம் வீங்கி, கடுமையாக வலிக்குமாம். மேலும் அது ஒரே மருந்தல்ல, பலவகை ஆன்டிபாடிகளின் கலவை.

ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டார்கள். எலியின் ஆன்டிபாடி சுரக்கும் செல்லை, சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்தார்கள். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமை மட்டும் யாரும் வாங்கி வைக்கவில்லை. வங்கிக்காரனான எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்த வழியில் வந்த ஓகேடி3, 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதருக்கு மருந்தான முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி அதுதான். அதுவும் சிறுநீரக நிராகரிப்புக்காக. ஆனால் முதல் ஊசியிலேயே பலருக்குக் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தன. எலிப் புரதம் என்று உடல் கண்டுகொண்டு அந்த மருந்தையே எதிர்த்தது.

பிறகு நடந்தது, குலசை தசராவுக்கு வந்தவர்களுக்கு உடனே விளங்கும். காளி, கரடி, குரங்கு என்று வேடம் கட்டி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரையே நமக்கு அடையாளம் தெரியாது. விஞ்ஞானிகளும் ஆன்டிபாடியின் நுனியை மட்டும் எலியுடையதாக விட்டு, மீதியை மனிதப் புரதமாக்கினார்கள். அப்படி 1998இல் வந்ததுதான் தம்பிக்குப் போட்ட பாசிலிக்ஸிமாப். அறுவைக்குச் சற்று முன்பு ஒன்று, நான்காம் நாள் ஒன்று. அது வெள்ளை அணுவைக் கொல்லாது. 'பெருகு' என்ற கட்டளை அதன் காதில் விழாமல் சில வாரம் அடைத்து வைக்கும், அவ்வளவே.

அந்தச் சில வாரத்துக்குப் பிறகு மாத்திரைதான் கதி. இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். மூன்று வருடம் நன்றாக இருந்த தம்பி, எங்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறான். கிரியேட்டினின் ஏறியது. பயாப்ஸியில் நிராகரிப்பு என்று தெரிந்தது. அந்தத் தடவை காப்பாற்றியது முயலின் உடலில் உருவாக்கிய ஆன்டிபாடி. குதிரை மருந்தின் தம்பி முறை என்று வையுங்கள். இழந்த செயல்திறன் முழுவதும் திரும்பவில்லை.

'பி' பிளாக் நண்பரிடம் எலியைப் பற்றிச் சொன்னதைவிட இதைத்தான் அதிகம் சொன்னேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தன் சிகிச்சைக்கு என்னென்ன கிடைக்கும் என்று இப்போதே கேட்டு வைக்கவும் சொன்னேன்.

தம்பிக்கு அக்காவின் சிறுநீரகம் இன்றும் ஓடுகிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு அக்கா ஊரிலிருந்து போன் செய்வாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. ஒரே கேள்விதான்: "மாத்திரை போட்டியால?"