துளையும் கலமும்: மேப்பிள் சாறு வடித்த கருவிகளின் வரலாறு

1791ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிலடெல்பியா நகர மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அந்நாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக விளங்கிய தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சர்க்கரை மேப்பிள் மரத்தைப் பற்றி நீண்டதொரு மடல் வரைந்தார். கரும்புச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் குருதியில் விளைவது. மேப்பிள் சர்க்கரையோ ஓர் உழவர் குடும்பம் தன் கையாலேயே ஆக்கிக்கொள்ளத்தக்கது என்பது அவர்தம் வாதம். (இவ்வாறு எழுதியவர் தாமும் ஓர் அடிமையை உடைமையாகக் கொண்டிருந்தார் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.) அறமும் பொருளியலும் பேசும் அம்மடலின் நடுவே ஒரு தச்சர் கேட்பது போன்ற வினாவும் எழுகிறது. மரத்தைக் கோடரியால் கொத்துவதா, துறப்பணத்தால் துளைப்பதா? பட்டறிவு துறப்பணத்தையே தேர்கிறது என்கிறார் ரஷ். முதலில் முக்கால் அங்குல ஆழம். பின்னர்ச் சிறிது சிறிதாக இரண்டு அங்குலம் வரை. அத்துளையில் சுமாக் அல்லது எல்டர் செடியின் தண்டினாலான குழல். அதன்கீழ் மூன்று நான்கு காலன் கொள்ளும் மரத்தொட்டி.

சிறியதாகத் தோன்றும் இவ்வினாவே மேப்பிள் தொழிலின் இருநூறாண்டு வரலாற்றை இயக்கியது எனலாம்.

காரணம் மரத்தின் இயல்பில் உள்ளது. வட அமெரிக்காவின் வடகிழக்கில், குளிர்காலம் முடிந்து இளவேனில் தொடங்கும் சில வாரங்களில், இரவில் நீர் உறைந்து பகலில் உருகும் நாள்களில் மட்டுமே சாறு வடியும். அதில் சர்க்கரை ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே. ஒரு லிட்டர் பாகு பெற நாற்பது லிட்டர் சாறு காய்ச்ச வேண்டும். ஆண்டுதோறும் புதிய துளை இட்டாக வேண்டும். பழைய துளை மீண்டும் சாறு தராது. துளையின் மேலும் கீழும் உள்ள மரப்பகுதி பழுப்பேறி, சாற்றைக் கடத்தும் ஆற்றலை என்றென்றைக்குமாக இழந்துவிடும். புற வாய் மூடினாலும் உட்புண் ஆறுவதில்லை. ஆதலின் துளை பெரிதாயின் மரம் தன் மேனியில் மேலும் ஒரு பங்கை இழக்கிறது. பேரன் காலத்திலும் சாறு தரவேண்டிய மரம் அது.

ரஷ்ஷின் காலத்திற்கு நெடுநாள் முன்பே இத்தொழிலை அறிந்தவர்கள் அம்மண்ணின் முதுகுடிகள். பேரேரிகளைச் சூழ வாழ்ந்த அனிஷினாபே மக்களிடையே சர்க்கரைத் தோப்பின் பொறுப்பு மகளிரிடமே இருந்தது. சாறு ஏந்தும் கலத்தைப் பிர்ச் மரப்பட்டையால் அமைத்தனர். பட்டையை வெட்டாமல் மூலைகளை மடித்தே கட்டுவதால் ஒழுக்கில்லை, எடையுமில்லை, பருவம் முடிந்ததும் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி அடுத்த ஆண்டிற்கு வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கோடரியால் கொத்தி மரத்தைக் கெடுத்தனர் எனக் குடியேறிகள் சிலர் பழி கூறினர். அந்த இரும்புக் கோடரி ஐரோப்பிய வணிகர் கொண்டுவந்து விற்றது என்பதை அவர்கள் நினைக்கவில்லை போலும்.

குடியேறிகள் குடைந்த மரத்தொட்டிகள் கனமானவை. திறந்த வாயினுள் மழையும் சருகும் விழுந்தன. பின்னர்ப் பலகைத் துண்டுகளை வளையமிட்டு இறுக்கிய வாளிகள் வந்தன. சுமாக் தண்டின் உட்சோற்றைத் தள்ளிச் செய்த குழல் எளியது, செலவற்றது. ஆனால் அது பருமனானது, துளையும் அதற்கேற்ப அகன்றது. 1860இல் ஈலை மோஷர் என்பவர் உலோகக் குழலுக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய உலோகத்திற்குச் சிறு துளை போதும்; வாளியை அதிலேயே மாட்டித் தொங்கவிடலாம். மரவாளி தகரத்திற்கும், பின்னர்த் துத்தநாக முலாமிட்ட இரும்பிற்கும் இடம் தந்தது.

மரத்திற்கு நலம் செய்த உலோகம் மனிதருக்குத் தீங்கையும் உடன் கொணர்ந்தது. காரீயம் கலந்த முலாம் பூசிய தகடு, காரீயப் பற்றாசு வைத்த மூட்டு, காரீய வண்ணம் ஆகியவை பழைய வாளிகளில் இயல்பாக இருந்தன. சாறு வாளியில் தங்கத் தங்கக் காரீயம் அதில் கரைந்தது; காய்ச்சுகையில் செறிந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பாட்டன் விட்டுச்சென்ற வாளிகளை உழவர்கள் ஐயத்துடன் நோக்கத் தொடங்கினர். பரம்பரைப் பொருளை ஒதுக்குதல் எளிதன்று. புது வாளிக்குப் பணமும் வேண்டும்.

வாளி முறையின் பெருஞ்சுமை நடையே. பனியில் புதைந்து மரந்தோறும் சென்று ஊற்றிக் குதிரைச் சறுக்குவண்டியில் ஏற்ற வேண்டும். 1910களில் நியூயார்க் மாநிலத்தில் உலோகக் குழாய்களால் மரங்களை இணைக்கும் முயற்சி நிகழ்ந்தது. அது பரவி நிலைக்கவில்லை. 1950களில் பிளாஸ்டிக் வந்த பின்னரே எண்ணம் கைகூடியது. வெர்மான்ட் மாநிலத்து நெல்சன் கிரிக்ஸ் 1959இல் காப்புரிமை பெற்றார். மலைச்சரிவில் சாறு தானே இறங்கிக் கொட்டகையை அடைந்தது. பின்னர் வெற்றிடப் பம்பும் இணைந்தது. அணில்கள் குழாயைக் கடித்த இடத்தைத் தேடிக் காடெங்கும் அலையும் வேலை மட்டும் புதிதாகச் சேர்ந்தது! இன்று உலகின் மேப்பிள் பாகில் பத்தில் ஏழு பங்களவு தரும் கியூபெக்கிலும் குழாய் வலையே பெருவழக்கு. சில மரங்களே உடையோருக்கு வாளி இன்னும் போதுமானது.

எனினும் ஆசை துளையை விட்டுவைக்கவில்லை. துளை விரைவில் அடைபடாதிருக்க, 1960களில் பாராஃபார்மால்டிஹைடு வில்லையை அதனுள் இடும் வழக்கம் பரவியது. சாறு கூடுதலாக வடிந்தது. ஆனால் புண்ணை மூடும் மரத்தின் தற்காப்பும் தளர்ந்தது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் உட்புகுந்தன. பின்னர் அவ்வில்லை விலக்கப்பட்டது. சில பருவங்களின் மிகுவிளைவிற்கு அம்மரங்கள் பல்லாண்டுகள் விலை கொடுத்தன.

1990களின் பிற்பகுதியில் எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நேர்ந்தது. பதினொரு மில்லிமீட்டர் துளைக்கு மாற்றாக எட்டு மில்லிமீட்டர் துளையும் அதற்கேற்ற சிறு குழலும் பரவின. சாறு சற்றே குறையினும் புறவாய் விரைவில் மூடியது. பம்பு உள்ள தோப்புகளில் அக்குறையும் பெரிதாகத் தெரியவில்லை. 2009 அளவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆய்வு நிலையத்தார், சாறு மரத்தினுள் திரும்பிச் செல்லாது தடுக்கும் சிறு பந்துடைய குழலை உருவாக்கினர். திரும்பும் சாற்றோடு நுண்ணுயிர்கள் உட்செல்வதே துளை அடைபடக் காரணம் எனக் கண்டதன் பயன் அது. நச்சு வில்லை செய்ய முயன்றதை ஒரு சிறு பந்து செய்தது.

முதிர்ந்து சாய்ந்த மேப்பிளை அறுவை ஆலையில் பிளக்கும்போது அதன் பலகையில் பழுப்புக் கோடுகள் நிரைநிரையாகத் தோன்றும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. உள்வளையங்களில் அது அகன்றும், பட்டையை அண்மிய வளையங்களில் குறுகியும் இருப்பதுண்டு. இக்காலத் தச்சர்கள் அப்பலகையை விரும்பி வாங்கி மேசை செய்கின்றனர்.