பூச்சியைப் பார்த்த கண்கள்

பூச்சி என்றதும் மருந்து என்று நினைப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. இந்த நினைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

1880 முதல் 1887 வரை, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய மூன்று பெருந்தொகுதிகள் இலண்டனில் வெளிவந்தன. ஆசிரியர் பிரெடெரிக் மூர். அவற்றின் வண்ணப் படங்களுக்கு மூல ஓவியங்களைத் தீட்டியோர் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஓவியர் குடும்பத்தினரான வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்னும் சகோதரர்கள். சிறகின் புள்ளியையும், புழுவின் நிறத்தையும், அது தின்னும் இலையையும் உற்றுநோக்கிய கண்கள் இந்நாட்டுக் கண்களே. நூலோ இன்றும் மூரின் பெயராலேயே வழங்குகிறது.

அடுத்த நூற்றாண்டிலே பூச்சியாராய்ச்சி தேயிலைக்குத் துணைபோயிற்று. இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1935-36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அக்குளவி புழுவின் உடலுள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். பூச்சியைப் பூச்சியால் அடக்கலாம் என்ற உண்மையைத் தோட்ட முதலாளி அன்றே அறிந்து பயன்பெற்றான். படுவான்கரையில் வேளாண்மை செய்த உழவனுக்கோ பிற்காலத்திற் கிடைத்தது நாசினிப் போத்தல்!

அப்போத்தல் செய்தது என்ன? நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்தியைத் தின்று வாழ்பவை சிலந்திகள். கண்டபடி தெளித்த நஞ்சு முதலிற் சிலந்தியைக் கொன்றது. காவலிழந்த வயலிலே தத்தி பெருகிற்று. இதனை உணர்ந்தே இந்தோனேசிய அரசு 1986இல் 57 நாசினிகளை நெல்வயலிலே தடைசெய்தது. 1989 முதல் அங்கு உழவர் வயற்பள்ளிகள் தொடங்கின. உழவர் பயிரிடையே பூச்சிகளை எண்ணினர். கண்டவற்றைப் பெரிய தாளிலே வரைந்தனர். மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாமே தீர்மானித்தனர். அம்முறை பின்னர் இலங்கைக்கும் வந்தது. 2021இலோ இரசாயன உரமும் நாசினியும் ஒரே ஆணையால் தடுக்கப்பட்டன. உழவனின் கண்ணைப் பயிற்றாது கையை மட்டும் கட்டிய அவ்வாணை, அவ்வாண்டு முடியுமுன்னரே தளர்த்தப்பட்டது.

இன்று மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் மாணவர் பலரின் வீட்டிலே கைப்பேசி இருக்கிறது. அதன்மீது பொருத்தும் சிறு உருப்பெருக்கி வில்லைக்கு ஆகும் செலவு சொற்பமே. எழுவான்கரை மணல்வளவிலுள்ள மாமரத்தருகே அதனைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு இலைகளை முசுறுகள் இழுத்துப் பிடிக்க, இன்னொன்று தன் கூட்டத்தின் புழுவை வாயிலே கவ்வி, அப்புழு சுரக்கும் பட்டிழையால் இலைகளைத் தைப்பதைக் காண்பீர்கள். பலர் கூடி உழைத்து ஒரு வீடு கட்டும் காட்சி அது. மாமரத்தின் பூச்சிகளை வேட்டையாடுவதும் அந்த முசுறுதான்.

பாடநூலிலே படம் பார்த்து ஒப்புவிக்கும் பிள்ளை பரீட்சையிலே தேறலாம். தன் வளவின் பூச்சியைப் படம்பிடித்து, அது எதைத் தின்கிறது, அதனை எது தின்கிறது என்று குறித்துவைக்கும் பிள்ளையோ, நாளை வயலிலே நாசினி விற்பவனிடம் கேள்வி கேட்கும். அக்கேள்வியைக் கேட்கப் பழக்குவது ஆசிரியராகிய நம் கடன். டி அல்விஸ் சகோதரர் பிறருக்காகப் பார்த்தனர். நம் பிள்ளைகள் தமக்காகவும் தம் மண்ணுக்காகவும் பார்க்கட்டும்.