டிராகுலா மாண்ட ஆண்டு

மாணவர் ஒருவர் விடாது வற்புறுத்தியதால்தான் 'காசில்வேனியா' என்னும் அசைவூட்டத் தொடரை நாம் பார்க்க நேர்ந்தது. வீடியோ விளையாட்டிலிருந்து பிறந்த கதை என்றதும் முதலில் ஒதுக்கவே தோன்றியது. ஆனால் கதை நிகழும் ஆண்டுகள் எம்மைத் துணுக்குறச் செய்தன: 1475, 1476.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் இவ்விளையாட்டை 1986-இல் தொடங்கியது. 1989-இல் வந்த மூன்றாம் விளையாட்டே தொடருக்கு அடிப்படை. வாரன் எல்லிஸ் எழுத, 2017 முதல் 2021 வரை நெட்ஃபிளிக்ஸில் 32 அத்தியாயங்கள் வெளிவந்தன. டிராகுலாவின் மனைவி லிசா ஒரு மருத்துவர். அவள் மருத்துவத்தைச் சூனியம் எனக் கூறித் திருச்சபையினர் அவளைத் தர்கோவிஷ்டே நகரில் உயிரோடு எரிக்கின்றனர். வலாக்கியா மக்களுக்கு ஓராண்டு தவணை தந்த டிராகுலா, பின் பேய்ப்படைகளை ஏவுகிறான். அவனை எதிர்க்கும் மூவருள் ஒருவன் அவன் சொந்த மகன் அலுகார்ட். தந்தையின் பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து எழுதினால் வருவதே மகனின் பெயர்.

வலாக்கியா கற்பனை நாடன்று. இன்றைய ருமேனியாவின் தென்பகுதி. தர்கோவிஷ்டே அதன் அன்றைய தலைநகர். அங்கே ஆண்ட இரண்டாம் விளாட், 1431-இல் டிராகன் வீரர் அமைப்பில் சேர்ந்து 'டிராகுல்' எனப் பெயர் பெற்றான். அவன் மகன் மூன்றாம் விளாட் 'டிராகுலா' ஆனான். இளமையில் உதுமானியரிடம் பிணையாளியாக இருந்தவன் அவன். பகைவரைக் கழுவேற்றியதால் 'கழுவேற்றுபவன்' என்னும் பட்டமும் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. 1462-இல் ஹங்கேரி அரசன் மத்தியாசுக்கு எழுதிய மடலில், தான் கொன்றோர் தொகை 23,884 என்று அவனே கணக்குக் காட்டுகிறான். எண்ணி எழுதியிருக்கிறான் என்பதே எம்மை நடுங்கச் செய்கிறது. அதே ஆண்டு ஜூனில் சுல்தான் இரண்டாம் மெகமதுவின் பாசறையை இரவில் தாக்கினான். ஆனால் உதவி செய்வான் என நம்பியிருந்த மத்தியாசே அவனைச் சிறைப்பிடித்தான். பல்லாண்டு கழித்து, 1476-இன் இறுதியில் மீண்டும் அரியணை ஏறிய விளாட், சில வாரங்களிலேயே போரில் மாண்டான். வலாக்கியாவை டிராகுலா அழிக்கப் புறப்பட்டதாகக் கதை சொல்லும் அதே ஆண்டில்தான், உண்மை டிராகுலா அந்நாட்டுக்கான போரில் இறங்கி முடிந்துபோனான்.

அவனை அரக்கனாக்கியவை ஜெர்மானியத் துண்டு நூல்கள். கழுமரங்களுக்கு நடுவே அவன் அமர்ந்து உண்ணும் மரச்செதுக்குப் படம் 1500-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சானது. அவற்றிலும்கூட, இறந்தபின் எழுந்து இரத்தம் குடித்தான் என்ற செய்தி இல்லை. அதைச் சேர்த்தவர் 1897-இல் நாவல் எழுதிய பிராம் ஸ்டோக்கர். ருமேனிய மண்ணை மிதித்தறியாத அவர், வில்லியம் வில்கின்சனின் 1820-ஆம் ஆண்டு நூலில் டிராகுலா என்ற பெயரைக் கண்டெடுத்தார். கதையை வலாக்கியாவில் வைக்காமல் டிரான்சில்வேனியாவுக்குக் கொண்டுபோனார். பெயரைச் சொந்த மண்ணுக்கு மீட்டுத் தந்தது ஒரு ஜப்பானிய விளையாட்டு என்பது வேடிக்கைதான்!

ஆயினும் தொடரில் ஒரு பிழை உறுத்துகிறது. வலாக்கியா கீழைத் திருச்சபையைச் சார்ந்த நாடு. தொடரில் வரும் ஆயரோ மேற்கின் கத்தோலிக்கக் குரு போன்றவர். சூனியக்காரிகளை வேட்டையாட வழிகாட்டிய பேர்போன நூல் ஜெர்மனியில் அச்சேறியது 1486-வாக்கில். அதாவது லிசா எரிந்து பத்தாண்டுக்குப் பின். அந்தப் பெருவேட்டை மேற்கு ஐரோப்பாவில் மூண்டது போல் கீழைத் திருச்சபை நாடுகளில் மூளவில்லை. முன்பு அந்நாட்டு அரசன் மேல் ஏற்றப்பட்டது இரத்தவெறி. இப்போது அந்நாட்டு மக்கள் கையில் அடுத்த வீட்டுக் கொள்ளியும் திணிக்கப்பட்டுள்ளது. (தொடரில் வரும் கிரேஷிட் என்ற கற்பனை ஊரின் பெயருக்கு ருமேனிய மொழியில் 'தவறு' என்று பொருள், எழுதியவர் அறிந்தே வைத்தாரோ?)

இதை மாணவரிடம் சொன்னோம். "அப்படியானால் லிசா பொய்யா ஐயா?" என்றார். வலாக்கியாவில் பொய்தான் என்றோம். மேற்கே பல ஊர்களின் நீதிமன்ற ஏடுகளில், அவ்வாறு எரிக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் இன்றும் உள்ளன.