மனுவும் நகலும்

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த உத்தியோகத்துக்கு லட்சணம் எது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள். காகிதம்தான்! பேட்டிக்குப் புறப்படும் பையனைப் பாருங்கள். தலையை வாரினானோ இல்லையோ, கையிலே ஓர் உறை இருக்கும். உறைக்குள்ளே அவனுடைய சரித்திரம் நாலைந்து பிரதிகளில் அச்சாகி மடிப்புக் கலையாமல் இருக்கும்.

இந்த வழக்கம் நேற்று முளைத்ததல்ல. 1482-ஆம் ஆண்டு வாக்கில் லியனார்டோ டாவின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு ஒரு வேலை மனு தயாரித்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தூக்கிச் செல்லக்கூடிய பாலம் கட்டுவேன், அகழி நீரை வடிப்பேன், பீரங்கி வார்ப்பேன் என்று வரிசையாக இலக்கமிட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். சித்திரமும் எழுதுவேன் என்பது கடைசியில் வருகிறது. யுத்த காலத்தில் பிரபுவுக்கு எது தேவை என்று தெரிந்தவர் அவர். நமக்குக் கிடைத்திருக்கும் பிரதி அவருடைய சொந்தக் கையெழுத்தில் இல்லை என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பலருடைய கருத்து. மனுவை நல்ல கையெழுத்தில் பிரதி செய்து தர அந்தக் காலத்திலும் ஓர் ஆள் வேண்டியிருந்தது போலும்.

லியனார்டோ கிடக்கட்டும். நம் ஊர்க்காரர் ஒருவர் உத்தியோகம் தேடிய கதை எனக்கு அதைவிட நெருக்கமானது.

கணித மேதை ராமானுஜன் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். கும்பகோணத்தில் உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும் பயனில்லை. 1910-இல் அவர் திருக்கோயிலூருக்குப் போய் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரைப் பார்த்து ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். அவர் காட்டியதெல்லாம் தம்முடைய கணித நோட்டுப் புத்தகம் ஒன்றைத்தான். ராமசாமி ஐயரோ இந்தியக் கணிதச் சங்கத்தை ஸ்தாபித்தவர். புரட்டிப் பார்த்தார், பிரமித்தார், வேலை கொடுக்கவில்லை! இப்படிப்பட்ட ஒரு புத்தியை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார்த்தி நசுக்க மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் பசியோடு வந்த இருபத்திரண்டு வயது வாலிபனுக்கு அந்தப் பிரமிப்பு ஒரு வேளைச் சோறு போடுமா?

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு அவர் ஒரு மனு எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியது, எப்.ஏ. வரை படித்தது, சில துரதிர்ஷ்டமான காரணங்களால் மேலே படிக்க முடியாமல் போனது, அது முதல் பொழுதையெல்லாம் கணிதத்திலேயே செலவிட்டு வருவது — அவ்வளவுதான் விஷயம். பிரஸிடென்ஸி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசும் இருந்தது. மார்ச் முதல் தேதி வேலையில் சேர்ந்துவிட்டார். மாதச் சம்பளம் முப்பது ரூபாய். நோட்டுப் புத்தகம் வாங்கித் தராத உத்தியோகத்தைச் சிறியதொரு மனு வாங்கிக் கொடுத்துவிட்டது. அந்த மனுவில் ஒரு தேற்றம்கூடக் கிடையாது.

அதன் பிறகு இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த பேக்கர், ஹாப்சன் என்ற இரு பேராசிரியர்களால் ஒன்றும் ஆகவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஒவ்வொரு தடவையும் கையாலேயே பிரதி செய்ய வேண்டும். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொண்டவர் அவர். அப்படிப்பட்டவர் பக்கம் பக்கமாகத் தேற்றங்களை எழுதித் தபாலில் சேர்த்தார் என்றால் அந்தக் காகிதத்தின் விலையை நாம் எப்படி மதிப்பிடுவது? மூன்றாவது கடிதம் பலித்தது. இரண்டாவதோடு அவர் கை ஓய்ந்திருந்தால் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா மிஞ்சியிருப்பார்.

இத்தனைக்கும் பிரதி எடுக்கும் வித்தை அப்போது உலகத்தில் இருந்தது. நீராவி யந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், கடிதங்களை நகலெடுக்கும் அழுத்து யந்திரத்துக்கு 1780-இல் உரிமை பெற்றார். கார்பன் காகிதத்துக்கு 1806-இல் ரால்ப் வெட்ஜ்வுட் உரிமை வாங்கினார். 1874-இல் ரெமிங்டன் தட்டெழுத்து யந்திரம் கடைக்கு வந்தது. கடிதங்களைப் பிரதி செய்தே மனிதர் ஓய்ந்துபோகும் காலம் முடிந்ததென்று அதை விற்றவர்கள் எண்ணியிருக்கலாம். கார்பன் வைத்து அடித்த காலத்திலும் கடைசிப் பிரதி மங்கித்தான் இருந்தது. அது எந்த ஆபீசுக்குப் போகிறதோ அங்கே வேலை கிடைக்காது என்று விண்ணப்பதாரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு.

அமெரிக்காவில் காப்புரிமைக் காகிதங்களைப் பிரதி எடுத்து அலுத்துப்போன செஸ்டர் கார்ல்ஸன், 1938 அக்டோபர் 22-ஆம் தேதி உலர்ந்த பொடியைக் கொண்டு முதல் நகல் எடுத்தார். 1959-இல் அது பெரிய யந்திரமாக வெளிவந்தது. இன்று நம் தெருமுனைகளில் 'ஜெராக்ஸ்' என்று பலகை தொங்குகிறதே, அதன் பிதாமகர் அவர்தான்.

நகல் எடுத்தால் மட்டும் போதுமா? 'உண்மை நகல்' என்று ஒரு கெஜட்டெட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நான் வேலை தேடிய நாட்களில் அந்தப் பச்சை மைக்காக ஓர் ஆபீஸ் வராந்தாவில் காலை முதல் பிற்பகல் வரை உட்கார்ந்திருக்கிறேன். அந்த அதிகாரி மூலப் பத்திரத்தை ஏறெடுத்தும் பாராமல் ஏழு கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். என் மார்க்கைப் பற்றி என் வார்த்தை செல்லாது, என்னை அறியாத அவருடைய மை செல்லும்! 2014-இல்தான் மத்திய அரசு, சொந்தக்காரனே ஒப்பமிட்ட நகல் போதும் என்று தன் இலாகாக்களை வற்புறுத்தியது. பிரஜையின் சொல்லை நம்புவதற்குச் சுதந்திரம் வந்து அறுபத்தேழு வருஷம் பிடித்தது.

இன்றைக்குப் பேட்டிக்குப் போகும் பிள்ளைகள் நாலு பிரதிக்குப் பதில் பத்தாகவே எடுத்துக்கொண்டு போகட்டும். காகிதம் மலிவு. எழுத்துப் பிழை இல்லாமல், மங்காமல் இருக்கட்டும். ராமானுஜனுக்குச் சோறு போட்டது அந்தச் சின்ன மனுதான். அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் உறையின் அடியில் தங்களுடைய நோட்டுப் புத்தகத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது உள்ளே நுழையும்வரை நமக்குத் தெரியாதல்லவா?