குப்ளாய் கான் முகமும் ஒரு நேபாளியின் கையும்

என் மகளின் சரித்திரப் புத்தகத்தில் குப்ளாய் கான் படம் ஒன்று இருக்கிறது. வெள்ளை அங்கி, காதுக்குப் பின்னால் வளையமாகச் சுற்றிய சடை, சின்னக் கண்கள். நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். மூலம் தைபேயில், தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "இதை யாருப்பா வரைஞ்சது?" என்றாள். புத்தகத்தில் பேர் போடவில்லை.

வரைந்தவர் சீனரும் இல்லை, மங்கோலியரும் இல்லை. காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து போன அரனிகோ என்பது கலை வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

1260-ல் திபெத்தில் ஒரு தங்க ஸ்தூபி கட்டச் சொன்னார் குப்ளாய். நேபாளத்திலிருந்து 100 கைவினைஞர்கள் கேட்டார்கள், 80 பேர்தான் தேறினார்கள். தலைமை ஏற்க யாரும் முன்வரவில்லை. பதினேழு வயசுகூட சரியாக நிரம்பாத அரனிகோ, நான் போகிறேன் என்றாராம். சின்னப் பையனாச்சே என்றதற்கு, உடம்புக்குத்தான் வயசு கம்மி, மனசுக்கு இல்லை என்று பதில். (அந்த வயசில் என்னைத் தனியாக பஸ் ஏற்றிவிடவே வீட்டில் யோசிப்பார்கள்!)

வேலை முடிந்ததும் ஊர் திரும்பத்தான் நினைத்தார். பக்பா லாமா விடவில்லை, குப்ளாயின் சபைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பரீட்சை. சோங் நாட்டிலிருந்து வந்த பழைய வெண்கல மனித உருவம், அக்குபங்சர் கற்பதற்கானது, உடைந்து கிடந்தது. சீர்செய்ய ஆளில்லை. 1265-ல் அரனிகோ அதை முடித்துக் கொடுத்தபோது அங்கிருந்த உலோகக் கலைஞர்களே அசந்து போனார்கள். 1273-ல் கைவினைஞர்கள் அத்தனை பேருக்கும் மேலதிகாரி. பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும், சுமார் 51 மீட்டர் உயர வெள்ளை ஸ்தூபி (1271-79) அவர் கட்டியதுதான்.

படத்துக்கு வருவோம். சோங் மன்னர்களை முழு உருவமாக, ஆசனத்தில் உட்காரவைத்து வரைவது வழக்கம். இங்கே ஆசனம் இல்லை, கை இல்லை, பின்னணியும் இல்லை. மார்பளவு உருவம், முகம் மட்டுமே பேசுகிறது. ஜோடியாக இருக்கும் ராணி சாபியின் படமும் அப்படித்தான், முத்துப் பதித்த உயரத் தொப்பியோடு. மங்கோலிய உடை, சீனப் பட்டு, இமயமலைப் பக்கத்துக் கோடு... மூன்றும் ஒரே சட்டத்துக்குள். 1280-ல் லியு குவான்தாவ் வரைந்த வேட்டைக் காட்சியில் குப்ளாய் குதிரைமேல் கூட்டத்தோடு இருக்கிறார். அழகுதான், ஆனால் அந்த முகத்தில் கண் நிற்பதில்லை. எனக்கு அரனிகோ பக்கம்தான் ஓட்டு.

அரச உருவங்களை அவர் பட்டில் நெய்தும் கொடுத்தார். தூரிகை தோற்றுவிடும் என்கிறது யுவான் வம்ச வரலாறு. அவை நம் கைக்கு வரவில்லை. ஆனால் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், 1330 வாக்கில் நெய்த ஒரு மண்டலத்தின் அடி ஓரத்தில், குப்ளாய் வழிவந்த இரு அரசர்களும் ராணிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அதே குப்ளாய் ஆட்சியில், 1281-ல், சுவான்சௌ துறைமுகத்தில் நம்மவர்கள் சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு வெட்டினார்கள்.

அரனிகோ 1306-ல் பெய்ஜிங்கிலேயே கண்மூடினார். காட்மாண்டிலிருந்து சீன எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு நேபாளத்தில் அவர் பேர்தான்.