ஸ்கேன் மிஷினுக்கு வந்த சட்டம்



ஹாஸ்டல் நினைவுகளையும் கேன்டீன் கதைகளையும் இந்த மலரில் எழுதப் பலர் இருப்பார்கள் என்பதால், நான் என் தொழிலைப் பற்றி எழுதுகிறேன். நம் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்துவிட்டு மருத்துவக் கருவிகள் விற்பனை, சர்வீஸ் துறையில் பதினான்கு வருடங்களாக இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பொறியாளர்களுக்கு வகுப்பு எடுப்பதும் என் பொறுப்பு. முதல் நாள் சர்க்யூட் கிடையாது, சட்டம்தான் பாடம். "சார், நாங்க இன்ஜினியரா, வக்கீலா?" என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவர் கேட்டுவிடுவார். அவர்களுக்குச் சொல்லும் வரலாற்றையே இங்கு சுருக்கமாகத் தருகிறேன்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. 1955இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை ஒரு பாய்லர் கம்பெனிக்குக் கொண்டுபோய், உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் மருத்துவத்துக்கேற்ற கருவியை உருவாக்க, 1958இல் அவர்களுடைய கட்டுரை 'லான்செட்' இதழில் வெளிவந்தது. நம் திருச்சி பெல் நண்பர்கள் வெல்டிங் சோதிக்கும் அதே தத்துவம்தான்! எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காப்பாற்றிய கருவி இது.

ஆனால் நம் நாட்டில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1970களில் பிறவிக் குறைகளைக் கண்டறிய வந்த பனிக்குட நீர்ப் பரிசோதனை, விரைவிலேயே 'ஆணா, பெண்ணா' பார்க்கும் வியாபாரமாயிற்று. மகாராஷ்டிரம் 1988இல் முதல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசின் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நாமும் பெருமை பேச முடியாது. பெண் சிசுக்கொலை காரணமாக 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது நம் தமிழ்நாட்டில்தான்.

சட்டம் வந்தது, பலன் வந்ததா? 0-6 வயதில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001 கணக்கெடுப்பில் அது 927. பஞ்சாபில் 798! ஸ்கேன் செய்யும் மையம் பதிவு பெற வேண்டும், பாலினம் சொல்லக் கூடாது என்றெல்லாம் சட்டத்தில் இருந்தது. ஆனால் நாட்டில் எத்தனை மிஷின்கள், யாரிடம், எந்த ஊரில் இருக்கின்றன என்ற கணக்கு அதிகாரிகளிடம் இல்லை. மூடிய அறைக்குள் டாக்டர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, ஏன், ஒரு புன்னகைக்குச் சாட்சி ஏது?

2000ஆம் ஆண்டு சேஹாட், மாசூம் என்ற தொண்டு நிறுவனங்களும், வட ஆற்காடு கிராமங்களில் பெண் சிசுக்கொலை பற்றி ஆய்வு செய்த சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2001 டிசம்பரில் நீதிமன்றம் ஒன்பது கருவி நிறுவனங்களைப் பார்த்து, ஐந்து வருடங்களில் யார் யாருக்கு மிஷின் விற்றீர்கள் என்று கேட்டது. சுமார் 11,200 மிஷின்களின் விவரம் வந்து சேர்ந்தது. சர்க்காரிடம் இல்லாத கணக்கு கம்பெனிகளின் பில் புத்தகத்தில் இருந்திருக்கிறது! என்னைப் பொறுத்தவரை இந்தச் சட்ட வரலாற்றின் திருப்புமுனை இதுதான். சொன்ன வார்த்தைக்குச் சாட்சி இல்லை. மிஷினுக்கோ சீரியல் நம்பர் உண்டு, இன்வாய்ஸ் உண்டு.

2003 பிப்ரவரி 14 முதல் அமலான திருத்தம் விற்பனையையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பதிவு பெறாத இடத்துக்கு மிஷின் விற்கக் கூடாது. வாங்குபவர் பாலினம் கண்டறியப் பயன்படுத்த மாட்டேன் என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். விற்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் அனுப்ப வேண்டும். மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு நகரத்து வாடிக்கையாளர், "பதிவு இந்த வாரம் வந்துடும் சார், மிஷினை இறக்கி மட்டும் வச்சிடுங்க, ஆன் பண்ண மாட்டோம்" என்றார். வண்டி வாசலில் நிற்கிறது. விற்பனைப் பிரிவுக்கோ மாதக் கடைசி. மிஷின் குடோனுக்குத் திரும்பியது. அந்த ஆர்டரும் போயிற்று. வகுப்பில் இதைச் சொல்லும்போது யாரும் வக்கீல் கேள்வி கேட்பதில்லை.

டாக்டர்களுக்கும் மனக்குறை உண்டு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். எழுத்துப் பிழைக்கெல்லாம் வழக்கா என்று கேட்கிறார்கள். மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், படிவத்தைச் சரியாக வைக்காததை வெறும் குமாஸ்தாத் தவறாக ஒதுக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்மையான டாக்டருக்கு அது சுமைதான். ஆனால் மூடிய அறைக்குள் நடப்பதற்கு அந்தக் காகிதத்தைத் தவிர வேறு தடயம் இல்லையே!

சட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2011 கணக்கெடுப்பில் தேசிய விகிதம் மேலும் சரிந்தது. பிறக்கும்போதுள்ள விகிதம், தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16இல் 919ஆக இருந்து 2019-21இல் 929 ஆயிற்று. மெதுவான ஏற்றம்தான். வீட்டுக்குள் இருக்கும் ஆசையைச் சட்டத்தால் மட்டும் மாற்ற இயலாது.

"நான் மிஷின் விற்கிறவன், அதை வைத்து அவர் என்ன செய்தால் எனக்கென்ன?" என்ற பேச்சுக்கு 2003க்குப் பிறகு என் தொழிலில் இடமில்லை. அது நல்லதற்கே என்பது என் கருத்து. நம் கல்லூரியிலிருந்து வெளிவரும் தம்பி, தங்கைகள் எந்தத் துறைக்குப் போனாலும், டேட்டாஷீட்டோடு சேர்த்துத் தங்கள் கருவிக்கு உரிய சட்டத்தையும் ஒரு முறை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.